இரண்டு விரல் சோதனை

கிள்ளான் துறைமுகத்திலிருந்து தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் படகு வைத்திருந்தவர்களிடம் இராமலிங்கத்தைப் பற்றிக் கேட்டால், ஆளைச் சொல்வதற்கு முன் அவருடைய இடது கையைத்தான் சொல்வார்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஸ்டியரிங் வளையத்தின் மேல் சும்மா வைப்பார். பிடிக்க மாட்டார். வலது கை எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அரை வேகம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்வார். பத்து எண்ணி முடிப்பதற்குள் கண்ணைத் திறந்து, கேபிள் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, எஞ்சின் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

அப்பா அய்யாவு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். லயத்து வீட்டில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, பதினேழு வயதில் கப்பல் இழுக்கும் படகொன்றின் எஞ்சின் அறைக்குள் எண்ணெய் துடைக்கப் போனார் இராமலிங்கம். அங்கே இரைச்சலில் யார் சொல்வதும் காதில் விழாது. இரும்பைத் தொட்டுத்தான் எஞ்சின் நலமா நோயா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் பழகிய கை அது. பிறகு லங்காட் ஆற்றங்கரையில் லிம் என்கிற சீனர் நடத்திய படகுப் பட்டறையில் சேர்ந்தார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் அங்கே அவருக்குப் பதினைந்து வருடம் முடிந்திருந்தது. வயது ஐம்பத்து மூன்று. எட்டு வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை உடம்பு நன்றாக இருக்கிற நாட்களில் போடுவதில்லை. பெரும்பாலான நாட்களில் உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடம் செப்டம்பர் மாதம் கண்ணப்பனின் படகு ஒரு லோரியில் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. கண்ணப்பன் செட்டியார் வீட்டுப் பிள்ளை, தாத்தா காலத்தில் கிள்ளானில் வட்டிக்கடை. இவர் மேருவில் பிளாஸ்டிக் தொழிற்சாலை வைத்திருந்தார், வீடு பெட்டாலிங் ஜெயாவில். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தப் படகை வாங்கியிருந்தார். இருபத்தாறு அடி நீளம், ஊசி போன்ற மூக்கு, பின்னால் இருநூறு குதிரைச் சக்தியில் இரண்டு எஞ்சின்கள். மணிக்கு ஐம்பது கடல் மைலுக்கு மேல் ஓடும் என்றார்கள். விடுமுறையில் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போர்ட் டிக்சன் வரை போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் ஸ்டியரிங் பழைய கேபிள். வேகம் ஏற ஏறத் திருப்ப முடியாமல் தோள் வலிக்கிறது என்றார்.

கேபிளை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் போட வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு எண்ணெய் பம்ப், அதிலிருந்து ஹோஸ், எஞ்சின் பக்கத்தில் சிலிண்டர். கை தள்ளுவது எஞ்சினுக்குப் போகும், எஞ்சின் இழுப்பது கைக்கு வராது. கேள்வி அதற்கு அப்பால் இருந்தது. ஒரு சிலிண்டர் போட்டு, இரண்டு எஞ்சின்களையும் ஒரு இரும்புத் தண்டால் இணைத்துவிடலாம். அல்லது எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர், கூடுதல் அழுத்தம் தாங்கும் ஹோஸ். சாமான் பட்டியலைப் பார்த்தால் அந்தக் குதிரைச் சக்திக்கு இரண்டுமே சரி என்றுதான் போட்டிருந்தது.

இராமலிங்கத்திடம் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. பழைய கேபிளோடு அரை வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வளையம் ஒரு பக்கம் இழுக்க மட்டும் செய்தால் ஒரு சிலிண்டர் போதும். வளையம் நடுங்கினால் இரண்டு எஞ்சினும் ஒன்றோடொன்று சண்டை போடுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட படகுக்கு ஒன்றைப் போட்டு அனுப்பினால், ஐம்பது மைல் வேகத்தில் ஒரு அலை குறுக்கே அடிக்கும்போது பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பித்தால் ஓட்டுபவர் கையில் ஒன்றும் இல்லை. அப்படிக் கவிழ்ந்த ஒரு படகை அவர் எண்பத்தாறில் பார்த்திருக்கிறார். ஓட்டியவரைப் பார்க்கவில்லை, கிடைக்கவில்லை.

புதன்கிழமை படகை ஆற்றில் இறக்கினார்கள். மழை பெய்து விட்டிருந்த காலை. ஆறு தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணப்பன் பின்னிருக்கையில் மிதவைச் சட்டை போட்டு உட்கார்ந்துகொண்டார். இராமலிங்கம் வழக்கம்போல் இரண்டு விரலை வைத்தார், வேகத்தைக் கூட்டினார், கண்ணை மூடினார். வளையம் வலப்பக்கம் இழுப்பது மணிக்கட்டில் தெரிந்தது. நடுக்கம் ஏதும் இல்லை. பத்து எண்ணினார். என்னவோ பஞ்சுக்குள் கையை வைத்தது போல இருந்ததால் இன்னொரு பத்தும் எண்ணினார். நடுக்கம் இல்லை.

கரைக்கு வந்ததும் ஒன்று போதும் என்றார். கண்ணப்பன் காசுக்குப் பார்க்கிற ஆளில்லை. போதும் என்றால் நிச்சயமாகப் போதும்தானே, பிள்ளைகள் ஏறுகிற படகு என்று மெதுவாகக் கேட்டார். நடுக்கம் இருந்தால் இந்த விரல் சொல்லியிருக்கும் என்றார் இராமலிங்கம். லிம் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய எஞ்சினுக்கா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார், ஆனால் இராமலிங்கத்தின் விரலோடு அவர் பதினைந்து வருடமாக வாதம் செய்ததில்லை. சிங்கப்பூர் ஏஜெண்டுக்குச் சனிக்கிழமை போன் செய்வதாகச் சொல்லி, சீட்டில் எழுதிக்கொண்டார். ஒரு சிலிண்டர், சாதா ஹோஸ்.

இராமலிங்கத்துக்குப் பண்டமாரானில் வீடு. வரிசை வீடுகளில் கடைசி. மனைவி மாரியாயி மாலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போடுவாள். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே ஐம்பது காசு அகலத்தில் இருந்தது. ஏழு வாரமாக ஆறவில்லை. அந்தப் புண்ணைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்தது, கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது. அம்மன் கோயில் தீமிதியில் வந்த புண் அது.

மகளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. மூன்றாவது தங்கினால் புருஷன் தீ மிதிப்பார் என்று மாரியாயிதான் வேண்டிக்கொண்டாள். தங்கியது. விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, கரகத்தின் பின்னால் ஆறாவது ஆளாக இறங்கினார். மற்றவர்கள் ஓடினார்கள். இராமலிங்கம் நடந்தார். வரப்பில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். நெருப்பைத் தாண்டிப் பால் குழியில் கால் வைத்தபோதும் முகம் மாறவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவி அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், பூ மேல நடந்த மாதிரி இருந்தது என்று உள்ளதைத்தான் சொன்னார். மாரியாயி அதைப் பண்டமாரான் முழுக்கச் சொன்னாள். பாசாரில் மீன்காரன்கூட அவளுக்கு நல்ல மீனாக எடுத்துக் கொடுத்தான். மூன்று நாள் கழித்து வீட்டுத் தரையில் ரத்தக் கறை பார்த்துத்தான் கால் பொத்துப்போயிருப்பது இருவருக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை விட்டதும் கண்ணப்பன் மறுபடி வந்தார். கூட மனைவி அழகம்மை. படகில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் தான் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம். நாற்பதை நெருங்கும் பெண்மணி. தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டு ஏறினாள். பெட்ரோல் எங்கே போடுவது, கவிழ்ந்தால் இது மிதக்குமா மூழ்குமா, இந்த ஆற்றில் முதலை உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. கண்ணப்பன் காதில் விழாதவர் போல ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அகலமான இடத்துக்கு வந்ததும், கார் ஓட்டுகிறவள்தானே நீ, பிடித்துப் பார் என்று கண்ணப்பன் சொன்னார். இராமலிங்கம் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று வேகத்தைத் தாம் பார்த்துக்கொண்டார். அரை வேகம் வந்தது. அழகம்மை இரண்டு கையையும் சட்டென்று எடுத்துவிட்டு, மறுபடி வைத்தாள்.

"ஏண்ணே, இது ஏன் இப்படி நடுங்குது? கிரைண்டர் மேல கை வெச்ச மாதிரி கூசுதே."

"நடுங்குதா ஆச்சி?"

"நீங்களே தொட்டுப் பாருங்க. எனக்கு முழங்கை வரைக்கும் ஏறுது."

இராமலிங்கம் இடது கையின் இரண்டு விரலை வளையத்தில் வைத்தார். ஒன்றுமில்லை. முழுக் கையாலும் பற்றினார். இழுப்பு மட்டும் இருந்தது. வலது கையை வைத்தார். கண்ணப்பனும் எட்டிக் கை வைத்துப் பார்த்து, ஆமாம், நல்லா நடுங்குது, படகுன்னா இப்படித்தான் இருக்கும்போல என்றார். அப்போதுதான் இராமலிங்கத்தின் கண்ணில் அது பட்டது. வளையத்தின் நடுவில் ஒட்டியிருந்த மழைத்துளிகள் சின்னச் சின்னதாய் உடைந்து சிதறிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிகிற நடுக்கம். புதன்கிழமை அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வேகத்தைக் குறைத்துப் படகைத் திருப்பினார். பழைய கேபிள், மாற்றினால் சரியாகிவிடும் என்று சொன்னார். அழகம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, சரியாகிவிடும் என்றால் சரி என்றாள்.

வீட்டுக்கு வந்தவர் மஞ்சள் பற்றுக்கு உட்காரவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் போனார். மாரியாயி இரவுக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியின் மேல் கையை வைத்தார். பிறகு அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தேத்தண்ணிச் சட்டியின் பக்கவாட்டில் விரல்களை வைத்து அப்படியே நின்றார். மாரியாயி திரும்பிப் பார்த்து, சட்டியைத் தட்டிவிட்டாள். தேத்தண்ணி தரையெல்லாம் ஓடியது.

"என்னய்யா செய்யிறே? கை வெந்துபோயிரும்."

"சுடல மாரி."

"சுடாம?"

"சூடு இருக்குன்னு எங்கேயோ தெரியுது. விரல்ல இல்ல." கையைத் திருப்பிக் காட்டினார். நுனிகள் சிவந்திருந்தன. "கால்லயும் இப்படித்தான் இருந்திருக்கு. நெருப்புல நடந்தப்பவே. இந்த இனிப்பு நீர் நரம்பையெல்லாம் சாகடிச்சிருக்கு. பூ மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அது அம்மன் செஞ்சதில்ல."

மாரியாயி துணி எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். குனிந்தபடியே வெகுநேரம் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்தாள்.

"அப்போ மிதிச்சது அம்மனுக்குச் சேருமா சேராதா?" என்று கேட்டாள்.

மகளுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

"வலிச்சாதானேய்யா அது வேண்டுதல். வலிக்காம நடக்குறதுன்னா யார் வேணும்னாலும் நடக்கலாமே." நிமிர்ந்தபோது அவள் முகம் கோபத்தில் இறுகியிருந்தது. "இத்தனை நாளா விரல் மரத்துப்போனது உனக்குத் தெரியாதா? சட்டைப் பொத்தான நான்தானே போட்டு விடுறேன், ரெண்டு மாசமா."

தெரியும்தான். பொத்தான் சிறிசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். சின்ன நட்டுகள் கைநழுவி ஆற்றில் விழுந்தபோது எண்ணெய்க் கை என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமை பஞ்சு மாதிரி இருந்தபோதும் ஏதோ ஒன்றை நினைத்துக்கொள்ளத்தான் செய்தார். ஒருவன் தனக்குச் சோறு போடும் இடத்தைச் சந்தேகப்படுவதற்கு எளிதில் துணிய மாட்டான்.

மாரியாயி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, சாமி மாடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். விளக்கு ஏற்றவில்லை.

சனிக்கிழமை காலை பட்டறை திறப்பதற்கு முன்பே இராமலிங்கம் வாசலில் நின்றார். வழியெல்லாம் வேறு ஒரு யோசனை கூடவே வந்தது. மறுபடி யோசித்தேன், பெரிய எஞ்சின், இரண்டு சிலிண்டரே போட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னால் போதும். லிம் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். கண்ணப்பன் கேள்வி கேட்க மாட்டார். விரலைப் பற்றிப் பேச்சே வராது. இந்தப் படகு தப்பித்துவிடும். அடுத்த படகு வரும், அதிலும் இரண்டு விரலை வைக்கச் சொல்வார்கள். அவரும் வைப்பார்.

லிம் வந்து இரும்புக் கதவைத் தூக்கினார். இராமலிங்கம் அவரிடம் மலாயில் சொன்னார். சிலிண்டர் இரண்டு போட வேண்டும், ஹோஸ் பெரியது, என் கையில் உணர்வு இல்லை, புதன்கிழமை நான் சொன்னது பொய். பொய் என்ற சொல்லை லிம் ஏற்கவில்லை. தப்பு, அவ்வளவுதான் என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். இரண்டு மாதம் என்றதும் சிகரெட் பற்றவைத்து, அந்த இரண்டு மாதத்தில் சோதித்து அனுப்பிய படகுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐந்து இருந்தன. ஐந்துக்கும் போன் செய்து திரும்பக் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இராமலிங்கத்துக்கு இருந்தது.

கண்ணப்பனுக்கு இராமலிங்கமே போன் செய்தார். விரல் மரத்துப்போனதையும் சொன்னார்.

"சொன்னதுக்கு நன்றி அண்ணே," என்றார் கண்ணப்பன். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க. மாட்டுற வேலைய வேற யாராச்சும் பார்க்கட்டும் லா. வீட்டுல ரொம்பப் பயப்படுறாங்க."

"அதான் சார் நல்லது," என்றார் இராமலிங்கம்.

சாமான் மூன்று வாரத்தில் வந்தது. மாட்டுவதற்கு விஜயனை வைத்தார்கள். முப்பத்திரண்டு வயது, துறைமுகத்தில் கிரேன் ஹைட்ராலிக் பார்த்தவன், வேலை தெரிந்தவன். இராமலிங்கம் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து ஹோஸ் அளந்து கொடுத்தார். எண்ணெய் ஊற்றிக் குழாயிலிருந்து காற்றை எடுக்கும்போது, வெளியே வரும் எண்ணெயில் ஒரு குமிழிகூடத் தெரியாத வரைக்கும் எடுக்கச் சொன்னார். பொதுவாகக் காற்று மிச்சம் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கைத் தொட்டே அவர் சொல்லிவிடுவார். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு குமிழியைப் பார்த்தார். விஜயன் மூன்று முறை போதும் என்றான். ஐந்து முறை எடுக்கவைத்தார். அவனுக்கு எரிச்சல்தான், காட்டிக்கொள்ளவில்லை. அங்கிளுக்குக் கை போய்விட்டது என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். பழைய கிண்டலெல்லாம் நின்றுபோயிற்று.

சோதனை ஓட்டத்துக்கு விஜயனும் கண்ணப்பனும் போனார்கள். வருகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. புண் காலோடு படகுத்துறையின் முனை வரைக்கும் போய் நின்றார். படகு கீழ்முகமாகப் போய்ப் புள்ளியானது. ஆற்றின் வளைவில் திரும்பி, இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர் எழுப்பிக்கொண்டு வந்தது. முழு வேகம். பின்பக்கம் ஆடுகிறதா என்று பார்த்தார். ஒரு மீன் படகின் அலை குறுக்கே வந்தது. தூக்கிப் போட்டும் படகு நேராக வந்தது. ஆடவில்லை.

கண்ணப்பன் இறங்கிக் கைகுலுக்கினார். முகமெல்லாம் ஆற்றுத் தண்ணீர். அடுத்த ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு லிம்மின் அறைக்குள் போனார். விஜயன் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"கையில எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் இராமலிங்கம்.

"நல்லா இருக்கு அங்கிள்."

"அது இல்ல. அந்த அலையில ஏறுனப்ப, வளையத்துல எப்படி இருந்துச்சு?"

விஜயன் கயிற்றை விட்டுவிட்டு யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஒண்ணும் தெரியல அங்கிள். வெச்ச இடத்துல நிக்குது. எஞ்சின் இருக்கிறதே கைக்குத் தெரியல."

அப்படித்தான் இருக்க வேண்டும். சரியாக மாட்டிய ஹைட்ராலிக்கில் யார் கைக்கும் ஒன்றும் தெரியாது. இராமலிங்கம் தலையை ஆட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் புண்ணைக் காட்ட மாரியாயி அவரைக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெருவிரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். எலும்பு வரைக்கும் போயிருக்கிறதாம். வரிசையில் காத்திருந்தபோது மகளிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று மாரியாயி சொன்னாள். பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரும் சரி என்றார். படிவத்தில் கையெழுத்துப் போட நர்ஸ் பேனாவை நீட்டினாள். பேனா விரலுக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு, பிறகு எழுத ஆரம்பித்தார்.